தௌலாலோ வீட்டு மூச்சு

பெந்தெகொஸ்தே ஞாயிற்றுக்கு மறுநாள் காலை வைசினா ஊரில் தௌலாலோ குடும்பத்தின் வீட்டுக்குள் மட்டும் காற்று வீசத் தொடங்கியது. சுவர் இல்லாத வீடு அது. நீள்வட்டமாக நட்ட இருபத்திரண்டு தூண்கள், மேலே கரும்புத் தோகைக் கூரை, கீழே கூழாங்கல் தரை. காற்று தூண்வரிசை வரை வந்து நின்றுகொண்டது. தூணுக்கு இந்தப் பக்கம் விரித்திருந்த தாழைப் பாய் சுருண்டு எழுந்தது. ஒரு முழம் தள்ளி, அந்தப் பக்கம், காய்ந்த வாழைச் சருகு ஆடாமல் கிடந்தது. சமோவாவுக்குச் சுதந்திரம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று கடலில் அலையே இல்லை என்பதையும், ஆப்பியாவிலிருந்து வரும் பேருந்து வழக்கம்போல இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. அது புயலின் வேலை என்று பிற்பாடு சிலர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். புயல் அடுத்த ஆண்டுதான் வந்தது.

காற்று ஒரே சீராக வீசவில்லை. உள்ளே இழுத்தது, பிறகு விட்டது. இழுக்கும்போது பாய்களின் ஓரங்கள் வீட்டின் நடுவை நோக்கி எழும்பின, விடும்போது தூண்களை நோக்கிப் படிந்தன. குடும்பத்தார் பாய்களின் மேல் கருங்கல் வைத்தார்கள். மூதாதையர் புகைப்படங்களை இறக்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பிறகு அன்றைக்கு வேண்டிய சேப்பங்கிழங்கை உரிக்க உட்கார்ந்தார்கள். ஆப்பியாவிலிருந்து ஓர் அரசு அதிகாரி சுழலும் கிண்ணங்கள் வைத்த கருவியோடு வந்து, வீட்டுக்குள் மூன்று இடத்திலும் வெளியே மூன்று இடத்திலும் அளந்து, உள்ளே மிதமான காற்று, வெளியே காற்றில்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார். அந்தக் காகிதம் இன்றும் எங்கள் குடும்பத்திடம் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்க்கலாம்.

முதல் ஒன்பது நாட்களும் அதைப் பரிசுத்த ஆவி என்றுதான் ஊர் நம்பியது. அப்படி நம்பியதில் தவறு காண முடியாது. பெந்தெகொஸ்தே நாளில் சீடர்கள் கூடியிருந்த வீட்டைப் பலத்த காற்று வந்து நிரப்பியதைத் தாய்ப்பாலோடு கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதே வாரம், ஒரே வீட்டில், தூண் தாண்டாத காற்று என்றால் வேறு என்ன நினைப்பது. போதகர் சாபாதி புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை ஆலயத்திலிருந்து தௌலாலோ வீட்டுக்கு மாற்றினார். மேற்கே நான்கு ஊர் தள்ளியிருந்து நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டுக் காற்றுக்கு முகம் காட்டி நின்றார்கள். ஊர்ச்சபையின் பேச்சாளரான லேமானா மட்டும் தன் வீட்டுத் தூண்களைக் கழுவி, புதுப் பாய் விரித்து, இரண்டு இரவு காத்திருந்து பார்த்தார். அங்கே ஓலை கூட அசையவில்லை.

தௌலாலோ என்பது குடும்பப் பட்டம். அப்போது அதைத் தாங்கியவர் எலிசாரா. சபையில் அவரைத் தௌலாலோ என்றே அழைப்பார்கள். அவருடைய அக்கா மானோகி கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். எங்கள் வழக்கப்படி, பட்டம் தாங்கியவன் ஊரையே எதிர்த்துப் பேசலாம், உடன்பிறந்தவளின் வாக்கை எதிர்த்துப் பேசக்கூடாது. மானோகிக்கு முதுகெலும்பு நேர். அறுபது வயதிலும் தூணில் சாய்ந்து உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. அந்த ஒன்பது நாளும் அவள் வாசலில் உட்கார்ந்து, வந்தவர்களின் வணக்கத்தை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாள். காற்றில் சேப்பங்கிழங்குத் தோலும் சேறும் தேங்காய்ப் பிண்ணாக்கும் சேர்ந்த ஒரு வாசனை இருந்ததை முதல் நாளே அறிந்தவள் அவள்தான். ஆனால் அவள் வாய் திறக்கவில்லை.

வாய் திறந்தவர் எலிசாரா. இரண்டாவது புதன்கிழமை, வீடு நிறையக் கூட்டம் முழங்காலில் நிற்க, போதகர் ஆவியானவரை வரவேற்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது, அவர் எழுந்து நின்றார்.

"போதகரையா, கொஞ்சம் நிறுத்துங்க. இது ஆவியானவர் இல்ல."

"பின்ன யாரு, தௌலாலோ?"

"பன்னிங்க. நாங்க கழுத்தை நெரிச்ச பன்னிங்க. வெளிய விடாம நாங்க நிறுத்தி வச்ச மூச்சு எங்க போகும்னு நெனச்சீங்க? இங்கதான் வந்திருக்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். லேமானாதான் முதலில் சிரித்தார் என்றும், இல்லை, அவர் மனைவி என்றும் இரண்டு பேச்சு உண்டு. நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்களைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். மானோகி தம்பியோடு பதினாறு நாள் பேசவில்லை. பதினேழாம் நாள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "எனக்கும் வாசனை தெரிஞ்சதுடா, ஆனா வீட்டு மானத்தை நான் வாசல்ல போட்டு மிதிக்கல."

இங்கே குடும்பத்தின் உரிமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் அதை இப்போது மறைத்துப் பேசுகிறார்கள். வைசினாவில் விருந்துக்குப் பன்றி கொல்லும் உரிமை ஏழு தலைமுறையாகத் தௌலாலோவுக்கு மட்டுமே உரியது. கத்தி கிடையாது. பன்றியை மல்லாத்திக் கிடத்தி, கழுத்தின் குறுக்கே ஓர் ஆள் நீளக் கம்பை வைத்து, இரண்டு முனையிலும் இரண்டு பேர் ஏறி நிற்பார்கள். இரத்தம் ஒரு சொட்டு வெளியே போகாது. இரத்தம் உள்ளே நின்றால்தான் இறைச்சிக்கு நிறமும் விருந்தாளிக்கு மரியாதையும். கம்பு வைத்தவர் தௌலாலோ என்றால்தான் முதுகுப் பகுதி தலைமைப் பட்டத்தாருக்கும், தொடை போதகருக்கும், தலை இளைஞர்களுக்கும் என்று பங்கு பிரிக்கும் வரிசை செல்லும். வேறு கை பட்டால் பங்கும் இல்லை, வரிசையும் இல்லை, வெறும் இறைச்சிதான். எவ்வளவு நேரம் ஏறி நிற்பது என்பதற்கு முன்னோர்கள் வம்சாவளியைச் சொல்லி அளந்தார்கள். சுவிசேஷம் வந்தபிறகு கர்த்தர் கற்றுத்தந்த ஜெபத்தை நிதானமாக இரண்டு முறை சொல்லி அளந்தோம். இரண்டாம் முறை, பாவத்தை மன்னிக்கும்படி கேட்கிற இடத்துக்கு வரும்போது பெரும்பாலும் கால்கள் உதைப்பதை நிறுத்திவிடும். இதில் யாருக்கும் எந்தக் குறையும் தோன்றியதில்லை. எலிசாரா பதினாறு வயதிலிருந்து கம்பின் வலது முனையில் நின்றவர்.

காற்று வந்தபிறகு அவர் வேதத்தைப் புரட்ட ஆரம்பித்தார். படிப்பது சிரமமாக இருந்தது. பக்கம் தானாகப் புரண்டது. அதனால் வீட்டுக்கு வெளியே, சீமைப்பலா மரத்தடியில் உட்கார்ந்து படித்தார். எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் யூதரல்லாத நமக்காக எழுதியனுப்பிய கடிதத்தில் நான்கு விலக்குகள் இருந்தன. விக்கிரகத்துக்குப் படைத்தது வேண்டாம், இரத்தம் வேண்டாம், நெரித்துக் கொன்றது வேண்டாம், வேசித்தனம் வேண்டாம். நூற்று முப்பத்தைந்து ஆண்டுகளாக வைசினா ஆலயத்தில் முதலாவதும் கடைசியும் மட்டுமே பிரசங்கிக்கப்பட்டிருந்தன. நடுவில் உள்ள இரண்டும் அச்சில் இருந்தன, கண்ணில் படவில்லை. எலிசாரா அந்த இடத்தில் ஒரு கோழியிறகை வைத்து மூடினார்.

ஆகஸ்டில் புது ஆலயம் திறக்க இருந்தது. தீவின் பதினான்கு ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள், அறுபது பன்றி வேண்டும். திங்கட்கிழமை ஊர்ச்சபை கூடி, காவா என்ற வேர்ப்பானம் கலந்து குடித்து, யார் யார் எத்தனை பன்றி என்று பேசி முடித்தபின், கம்பு பற்றிப் பேச்சு வந்தது. எலிசாரா, இனிமேல் தான் கம்பு வைக்கப்போவதில்லை என்றார். வேண்டுமானால் கத்தியால் அறுத்து, இரத்தத்தை மண்ணில் விட்டு, வேதத்தில் உள்ளபடி செய்து தருகிறேன் என்றார். கத்தி கறிக்கடைக்காரனுக்கு, கம்பு பட்டத்தாருக்கு என்று லேமானா பதில் சொன்னார். இரத்தம் வடித்த வெளிறிய பன்றியைப் பதினான்கு ஊர்க்காரன் முன்னால் வைத்தால் வைசினாவில் எல்லோருக்கும் சோகை என்று பாட்டுக் கட்டுவார்கள் என்றார். அதுவும் உண்மைதான். அந்தப் பதினான்கு ஊர்க்காரர்களை நாங்கள் அறிவோம்.

போதகர் சாபாதி நல்ல மனிதர், சண்டை வேண்டாதவர். அவர் வேதத்திலிருந்தே பேசிப் பார்த்தார்.

"பேதுருவுக்கு வானத்துலேர்ந்து எல்லா மிருகமும் வச்ச விரிப்பு எறங்கினது மறந்துபோச்சா? அடிச்சுச் சாப்பிடுன்னு கர்த்தரே சொன்னாரே."

"அடிச்சுன்னு சொன்னாரு. நெரிச்சுன்னு சொன்னாரா, போதகரையா?"

"சரி, பவுல் என்ன எழுதினாரு? கடையில விக்கிறது எதுவா இருந்தாலும், மனசாட்சிக்காக ஒண்ணும் விசாரிக்காம சாப்பிடுங்கன்னு எழுதலையா?"

எலிசாரா படித்த மனிதர் அல்ல. ஆனால் அவர் சொன்ன பதிலுக்கு வைசினாவில் எந்தப் போதகரும் இதுவரை மறுபதில் சொல்லவில்லை.

"விசாரிக்காதேன்னு பவுல் சொன்னது தின்னுறவனுக்கு. கம்பு மேல ஏறி நிக்கிறவன் யாரைப் போய் விசாரிக்கிறது? எனக்குத்தான் தெரியுமே."

லேமானா ஈயோட்டும் குச்சத்தை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். அது தீர்ப்பு வரப்போகிறது என்பதன் அடையாளம். ஊர் விருந்தைத் தடுத்ததற்காகத் தௌலாலோவுக்கு முழு வளர்ச்சி அடைந்த பத்துப் பன்றி அபராதம் என்று சபை முடிவு செய்தது. சனிக்கிழமைக்குள் வராவிட்டால் குடும்பம் ஊரைவிட்டு வெளியேற வேண்டும், பட்டம் போகும், வீடு கொளுத்தப்படும். பன்றி கொல்ல மறுத்தவனுக்குப் பன்றியையே அபராதமாக விதித்ததில் சபையில் யாருக்கும் முரண் தெரியவில்லை. வைசினாவில் எந்தக் குற்றத்துக்கும் அபராதம் பன்றிதான். வேறு அளவை எங்களிடம் இல்லை.

எலிசாரா வீட்டுக்கு வந்து அக்காவின் முன்னால் உட்கார்ந்தார். இந்தப் பிடிவாதம் வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கம்பை எடுத்திருப்பார். அவர் இறக்கும்வரை அதை மறுத்ததில்லை. இருபத்துமூன்று பேர் அந்த வீட்டில் இருந்தார்கள். தாத்தாக்களின் கல்லறைகள் வாசலிலேயே இருந்தன. மானோகி முதலில் கேட்டது தீர்ப்பைப் பற்றி அல்ல.

"லேமானா என்ன சொன்னான்? அப்படியே சொல்லு."

"தௌலாலோவுக்கு வயசாகி கால் நடுங்குது, அதான் வேதத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்னு சொன்னான்."

அவள் பாயின் மேலிருந்த கல்லைச் சரியாக நகர்த்தி வைத்தாள். தம்பி வேதத்தில் படித்ததை அதுவரை அவள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அன்று ஒப்புக்கொண்டாள். அவளுடைய மனமாற்றம் வேதத்தால் வந்ததா லேமானாவால் வந்ததா என்று கேட்கிறவர்களுக்குக் குடும்பத்தின் பதில் ஒன்றுதான்: கர்த்தர் கழுதையின் வாயைக்கூடத் திறந்து பேச வைத்திருக்கிறார்.

"கம்பைத் தொடாத," என்றாள். "பத்துப் பன்னிதானே. நான் கொண்டுபோறேன்."

சனிக்கிழமை காலை அவள் திருமண நாளுக்கு மட்டும் உடுத்தும், துணிபோல மெல்லிய தாழைப் பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குடும்பத்திலேயே பெரிய பத்துப் பன்றிகளைத் தென்னங்கயிற்றில் கட்டி, ஊர் நடுவே நடத்திக்கொண்டு போனாள். எல்லாம் உயிரோடு. சபை வீட்டின் முன்னால் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். அபராதம் கொன்று, சுட்டு, இலையில் வர வேண்டும் என்பது நினைவுக்கு எட்டிய காலத்திலிருந்து வழக்கம். யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்ததில்லை.

"இது என்ன, மானோகி?" என்றார் லேமானா.

"பத்துப் பன்னி."

"உயிரோட இருக்கே."

"ஆமா. நல்லா வளத்திருக்கோம்."

"கொன்னு கொண்டு வரணும்னு தெரியாதா?"

"கொல்ற உரிமை யாருக்குன்னு உனக்குத் தெரியாதா? அவன் மாட்டேன்னுட்டான். நீ வேணா கொல்லு. ஆனா முதுகுப் பங்கை யாருக்கு வெட்டுவ, எந்த வரிசையில வெட்டுவ, அதை மட்டும் எனக்கு ஆள் விட்டுச் சொல்லு. கேட்டுக்கிட்டுச் சிரிக்கணும்."

சபை அன்று முழுவதும் பேசியது, மறுநாள் ஆராதனைக்குப் பிறகும் பேசியது. அதற்குள் பத்துப் பன்றியும் ஊர்த் திடலைப் பாத்தி கட்டிய தோட்டம்போலக் கிளறிப் போட்டுவிட்டன. கடைசியில் லேமானாவே கம்பைக் கையில் எடுத்தார். அவர் துணிச்சல்காரர், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆலயத் திறப்பு நாளன்று விடியலிலிருந்து நடுப்பகல் வரை ஜெபத்தை நூற்று இருபது முறை சொல்லி அறுபது பன்றிக்கும் கம்பு வைத்தார். பங்கு வரிசை ஏழு இடத்தில் தடுமாறியது, இரண்டு பட்டத்தார்கள் இலையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள், மற்றபடி விருந்து நடந்தது. மறுநாள் காலை லேமானா வீட்டுக்குள் காற்று வீசத் தொடங்கியது. எங்கள் வீடு ஏழு தலைமுறை தாங்கியதை அவர் வீடு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

லேமானா அதைக் கடல்காற்று என்றார். கடல்காற்று தூணோடு நிற்குமா என்று கேட்டவர்களுக்கு, என் வீட்டுத் தூண்கள் நல்ல மரம் என்றார். ஓலைத் தட்டிகளை எல்லாம் இறக்கிக் கட்டினார். அவை உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் புடைத்து, பிறகு உள்வாங்கி, பிறகு புடைத்துக்கொண்டிருந்தன. தூரத்திலிருந்து பார்க்க, படுத்திருக்கும் ஏதோ ஒரு பெரிய உடம்பின் விலாபோல இருந்தது. அவர் மனைவி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போனாள். அவமானம் வந்தால் மனிதன் பக்கத்து வீட்டைத்தான் பார்ப்பான். அபராதம் முறைப்படி வரவில்லை, ஆகவே வராததாகவே கொள்ள வேண்டும் என்று லேமானா அடுத்த சபையில் வாதாடினார். தௌலாலோ வீட்டைக் கொளுத்த உத்தரவு ஆனது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, பட்டம் இல்லாத எட்டு வாலிபர்கள் மண்ணெண்ணெயில் நனைத்த தென்னம்பாளைப் பந்தங்களோடு வந்தார்கள். அவர்களில் இருவர் எலிசாராவின் சொந்த மருமகன்கள். கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. லேமானா பின்னால் சுருட்டுப் புகைத்தபடி நின்றார். போதகர் சாபாதி நடுவில் நின்று யாரும் கேட்காத எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து ஒரு பானைகூட வெளியே எடுத்து வைக்கப்படவில்லை. இருபத்துமூன்று பேரும் உள்ளே, அவரவர் இடத்தில், கால் மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். எலிசாரா தன் பட்டத்துக்குரிய தூணின் அடியில். மானோகி வாசலில்.

"வாங்கடா," என்றாள் அவள். "கொளுத்துங்க. நீங்க ஞானஸ்நானத்துக்குத் தின்ன பன்னி, உங்க அப்பன் கல்யாணத்துக்குத் தின்ன பன்னி, எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. முதல்ல அதுங்களுக்கு வணக்கம் சொல்லிட்டுக் கொளுத்துங்க."

வாலிபர்கள் நின்றார்கள். லேமானா சத்தம் போட்டார். ஒருவன் பந்தத்தைக் கூரையின் தாழ்வான ஓரத்தில் வைத்தான், பிறகு மற்றவர்களும் வைத்தார்கள். மூன்று மாதமாக மழை படாத தோகை, உடனே பிடித்தது. அப்போது, தொடங்கிய நாளிலிருந்து முதல் முறையாக, காற்று நின்றது. இழுத்த மூச்சு இழுத்தபடியே நின்றது. பாய்கள் எல்லாம் நடுவை நோக்கி எழும்பி அப்படியே அந்தரத்தில் இருந்தன, அவற்றின் மேலிருந்த கருங்கற்களோடு. கர்த்தர் கற்றுத்தந்த ஜெபத்தை நிதானமாக இரண்டு முறை சொல்லும் நேரம் அது நீடித்தது. எலிசாராவின் உதடு அசைந்ததை மானோகி பார்த்தாள். பிறகு மூச்சு வெளியே வந்தது. கூரையில் பிடித்த நெருப்பு ஒரு மெழுகுவத்திபோல அணைந்தது. எட்டுப் பந்தங்களும் அணைந்தன. கொல்லைப்புறக் கல்லடுப்பில் கிடந்த கங்கும், லேமானாவின் சுருட்டும் அணைந்தன. அந்த ஒரு முறைதான் அது தூணைத் தாண்டியது.

போதகர் முழங்காலில் விழுந்து, கர்த்தர் தௌலாலோவை மன்னித்துவிட்டார், அந்த ஜீவன்களும் மன்னித்துவிட்டன என்று சொல்ல ஆரம்பித்தார். எலிசாரா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். முகமெல்லாம் சாம்பல்.

"அப்படி எல்லாம் சொல்லாதீங்க, போதகரையா. அதுங்க எனக்காக ஊதல. அதுங்களுக்கு நெருப்பு பிடிக்காது, அவ்வளவுதான். அடுப்புல கெடந்ததுங்களாச்சே."

சபைக் குறிப்பேட்டில் அன்று எழுதப்பட்டது இது: வீடு கொளுத்தப்பட இயலாததாகக் காணப்பட்டது, வெளியேற்றம் ஒத்திவைக்கப்படுகிறது. அது இன்றுவரை ஒத்திவைக்கப்பட்டே இருக்கிறது. நீக்கப்படவில்லை. குடும்பம் நீக்கும்படி கேட்கவும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அபராதம் புதுப்பிக்கப்படுகிறது, ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பன்றிகள் உயிரோடு நடந்து போகின்றன. லேமானாவுக்குத் தோள்பட்டை வலி வந்துவிட்டது. அவருக்குப் பின் கம்பைத் தொட யாரும் முன்வரவில்லை. வைசினாவின் விருந்துகளில் டின் மீனும் டின் மாட்டிறைச்சியும் இடம்பிடித்தன. அந்த மாடு எப்படிச் செத்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. பவுல் சொன்னபடி.

எலிசாரா இறைச்சியே தின்னக்கூடாது என்று சொன்னதாக ஊரில் பரப்பியிருக்கிறார்கள். அவர் அப்படி எவருக்கும் சொன்னதில்லை. அதே ஆண்டு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கென்று ஒரு பன்றியைக் கத்தியால் அறுத்தார். இரத்தம் மண்ணுக்குப் போனது, மூச்சும் எங்கோ போனது, வீட்டுக் காற்று கூடவில்லை. வேதத்தின்படி எல்லாம் சரியாக இருந்தது. இலை போட்டு உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து வாய்வரை கொண்டுபோனவர் திரும்ப வைத்துவிட்டார். முகத்துக்கு நேரே அந்தச் சூடான காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"சகோதரனுக்கு இடறல்னா நான் இறைச்சியே தின்ன மாட்டேன்னு பவுல் எழுதியிருக்காரு," என்று அக்காவிடம் சொன்னார். "இங்க நடு வீட்டுல யாரோ மூச்சு விட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்க சகோதரனா இல்லையான்னு பவுலைக் கேக்க வழியில்ல. சகோதரன்னே வச்சுக்கறேன்."

மற்றவர்கள் தின்றார்கள். மானோகியும் தின்றாள், அதை மறைக்க வேண்டியதில்லை. அவள் எலும்பைக்கூட விடவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு வீட்டில் யாரும் பன்றி கேட்கவில்லை. யாரும் விலக்கவும் இல்லை.

ஒருமுறை லேமானா, எலிசாரா பவளப்பாறையில் வலை வீசுவதைப் பார்த்து, கரையில் நின்று சத்தமாகக் கேட்டார். "தௌலாலோ, மீன் எப்படிச் சாகுது? அதுவும் மூச்சு முட்டித்தானே? அதுக்கு எந்த அப்போஸ்தலன் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தான்?" ஊர் அதை இரண்டு மாதம் சொல்லிச் சிரித்தது. எலிசாரா வலையைச் சுருட்டியபடியே பதில் சொன்னார். உயிர்த்தெழுந்த கர்த்தர் கரையில் மீன் சுட்டார், அதனால் தின்கிறேன். நாளைக்கு என் வீட்டில் அலை அடித்தால் அதையும் விட்டுவிடுகிறேன், நீ கவலைப்படாதே. அலை அடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து பிடித்த மீனை அவர் படகிலேயே கல்லால் ஒரே அடியில் கொன்றார், துள்ள விடவில்லை.

பதினான்கு ஆண்டுகள் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை எலிசாரா இறந்தார். தன் தூணின் அடியில், பாயில் படுத்தபடி, எந்த வலியும் இல்லாமல். பட்டத்தார் இறந்தால் குறைந்தது முப்பது பன்றி வேண்டும் என்றும், இதற்காவது மானோகி வளைந்து கொடுப்பாள் என்றும் ஊர் எதிர்பார்த்தது. அவள் சேப்பங்கிழங்கும், தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையும், சீமைப்பலாவும், சுட்ட மீனும் வைத்தாள். பதினான்கு ஊர்க்காரர்களும் வந்து, அவரவர் இலையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தின்றார்கள். சோகை என்று பாட்டுக் கட்டினார்கள். கட்டட்டும். லேமானாவும் தடி ஊன்றி வந்தார். வெள்ளை முடி கலைந்து முகத்தில் விழ, போகும்போது வாசலில் நின்று, "உங்க வீட்டுலயும் கடல்காத்து நல்லா வருது," என்றார். மானோகி அவருக்கு ஒரு கூடைக் கிழங்கு கட்டிக் கொடுத்தாள்.

எலிசாராவின் கடைசி மூச்சு தூணைத் தாண்டிப் போகவில்லை என்பதை அன்று உடனிருந்த அனைவரும் அறிவார்கள். அவர் விட்டார், வீடு இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அதன் இழுப்பில் ஒரு சிறு தடை உண்டு, படியேறி வந்த கிழவர் பேச்சைத் தொடங்குமுன் நிற்பதுபோல.

அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து ஊருக்குப் புதிதாக வந்த இளம் போதகர் வீடு வீடாகச் சந்திப்புக்கு வந்தார். இறையியல் கல்லூரியில் முதல் மாணவர் என்று சொன்னார்கள். தௌலாலோ வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, இந்த உபத்திரவம் நீங்கும்படி உபவாசமிருந்து ஜெபிக்கத் தான் தயார் என்றார். மானோகிக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. முதுகு நேராகவே இருந்தது.

"யாரை வெளிய அனுப்பப் போறீங்க, போதகரையா?"

"இந்தக் காத்தை, அம்மா."

"அதுல பாதி எங்க தாத்தன் கொன்னது, பாதி எங்க தம்பி கொன்னது. தம்பியும் அதுக்குள்ளதான் இருக்கான். பகையோ உறவோ, பேசித் தீக்கறாங்களோ இல்லையோ, அவங்க பாடு. வீடு எங்களோடது. யாரையும் வெளிய அனுப்பற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. அது ஊர்ச்சபையோட பழக்கம். நீங்க சாப்பிட்டீங்களா?"

போதகர் இல்லை என்றார். சேம்பிலையும் கிழங்கும் வந்தன. அவர் வலது கையை இலையில் வைக்குமுன் கண்ணை மூடி ஜெபித்தார், ஜெபம் முடிந்தபோது வீடு ஒரு முறை மூச்சு விட்டது. இலை பறக்காமல் இடது கையால் அழுத்திக்கொண்டு சாப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் இரண்டு கிழங்கு கேட்டார்.